சிங்கத்துக்கும் எழுத்தாணிக்கும் நடுவே

ஆதிக் கிறிஸ்தவப் பெண்களைக் கதையாக்கும் வேலை 1,800 ஆண்டுகளாக நடக்கிறது. யார் எழுதினார்கள், எதை மறைத்தார்கள்?

கி.பி. 203. வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரச் சிறையில் இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தி தனக்கு நடப்பதை லத்தீனில் எழுதிக்கொண்டிருக்கிறாள். பெயர் விபியா பெர்பெத்துவா. வசதியான குடும்பம், நல்ல படிப்பு, மடியில் பால்குடி மறக்காத ஆண் குழந்தை. கிறிஸ்தவள் என்பதுதான் குற்றம்.

அப்பா வருகிறார். நரைத்த தலையைக் காட்டிக் கெஞ்சுகிறார். கைகளைப் பிடித்து முத்தமிட்டு, மகளே என்று அழைக்க வேண்டியவர் "அம்மணி" என்று அழைக்கிறார். அவள் அங்கிருந்த தண்ணீர்க் குடத்தைக் காட்டி, இதை வேறு பெயர் சொல்லி அழைக்க முடியுமா என்று கேட்கிறாள். முடியாது என்றால் நானும் கிறிஸ்தவள் என்பதைத் தவிர வேறெதுவாகவும் என்னைச் சொல்லிக்கொள்ள முடியாது என்கிறாள். விசாரணை மன்றத்தில் ஆளுநர் பொறுப்பிலிருந்த ஹிலாரியானுஸின் உத்தரவில் அந்தக் கிழவருக்குத் தடியடி விழுகிறது. அந்த அடி தன் மேல் விழுந்ததுபோல் வலித்தது என்று எழுதுகிறாள். மார்ச் 7 அன்று, இளவரசன் கேத்தாவின் பிறந்தநாள் விளையாட்டுகளில் அவளைக் காட்டு விலங்குகளின் முன் தள்ளினார்கள்.

ஆதிக் கிறிஸ்தவ உலகில் ஒரு பெண்ணே எழுதி நம் கைக்கு வந்து சேர்ந்த மிகப் பழைய எழுத்துகளில் ஒன்று இது. அதில் ஒருவரை மட்டும் காணோம்: கணவன். அவள் முறைப்படி மணமானவள் என்று குறிப்பேட்டைத் தொகுத்தவர் முன்னுரையில் சொல்கிறார். அவளோ கணவனைப் பற்றி ஒரு சொல்கூட எழுதவில்லை. இறந்துவிட்டானா, விலகிவிட்டானா, அவளைக் கைகழுவிவிட்டானா?

பின்னால் வந்தவர்களுக்கு இது உறுத்தியது. இதே கதையைச் சுருக்கி எழுதிய பிற்காலப் பதிப்புகளில் கணவன் வந்துவிடுகிறான். பெற்றோருடன் விசாரணைக்கு வந்து அவளைக் கெஞ்சுகிறான். ஒரு பெண் தன் கையால் எழுதிவைத்த கதையிலேயே யாரோ ஓர் ஆணைக் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டார்கள். ஏட்டில் ஓர் இடம் காலியாக இருக்கிறது, அதை நிரப்பாமல் இருக்க ஒரு கைக்கு மனம் வரவில்லை. ஆதிக் கிறிஸ்தவப் பெண்களைப் பற்றிய சரித்திரப் புனைவு முழுவதும் அந்தக் கையின் வேலைதான்.

மூன்று நாள் ஜன்னலோரம்

இந்த வகைப் புனைவு இந்தக் காலத்து நாவலாசிரியர்கள் கண்டுபிடித்தது என்று நினைத்தால் தவறு. பெர்பெத்துவா பிறப்பதற்கு முன்பே ஒரு கதாநாயகி ரோமப் பேரரசின் கிழக்குப் பகுதிகளில் உலவத் தொடங்கிவிட்டாள். அவள் பெயர் தெக்லா.

கதை நடப்பது இன்றைய துருக்கியில் இருக்கும் இக்கோனியத்தில். தெக்லாவுக்குத் தாமிரிஸ் என்பவனுடன் நிச்சயமாகிவிட்டது. எதிர்வீட்டில் அப்போஸ்தலர் பவுல் பேசிக்கொண்டிருக்கிறார். அவர் முகத்தைக்கூடப் பார்க்க முடியாத நிலையில் மூன்று பகல், மூன்று இரவு ஜன்னலை விட்டு நகராமல் கேட்கிறாள் தெக்லா. கல்யாணம் வேண்டாம் என்கிறாள். பெற்ற தாய் தியோக்லியாவே, இவளைக் கொளுத்துங்கள் என்று கத்துகிறாள். மூட்டிய தீயை மழை அணைக்கிறது. பிறகு அந்தியோக்கியாவின் விலங்கு அரங்கில் ஒரு பெண்சிங்கம் அவளுக்காக மற்ற விலங்குகளோடு போராடிச் சாகிறது. கடைசியில் கடல்நாய்கள் நிறைந்த தொட்டியில் குதித்து, தனக்குத் தானே ஞானஸ்நானம் கொடுத்துக்கொள்கிறாள். பிறகு ஆண் உடை தைத்துப் போட்டுக்கொண்டு பவுலைத் தேடிப் போகிறாள்.

கிரேக்கக் காதல் நாவல்கள் அப்போது பிரபலம். காதலர்கள் பிரிவார்கள், கொள்ளையர் வருவார்கள், கப்பல் கவிழும், கடைசியில் தம்பதி சேர்வார்கள். தெக்லாவின் கதையை எழுதியவர் அந்தச் சட்டகத்தை அப்படியே எடுத்துக்கொண்டு, முடிவில் மட்டும் கல்யாணத்தைக் கழற்றிவிட்டார். அன்றைய வாசகிக்கு இது எவ்வளவு பெரிய அதிர்ச்சி என்பதைச் சட்டத்தைப் பார்த்தால்தான் புரியும். ரோமச் சட்டப்படி பெண் பன்னிரண்டு வயதில் மணம் முடிக்கலாம். இருபதிலிருந்து ஐம்பது வயதுக்குள் மணமாகாமல் இருந்தால் சொத்துரிமையில் கை வைக்கும் சட்டங்களை அகுஸ்துஸ் சீசர் கொண்டுவந்திருந்தார். அந்தத் தண்டனைகளைக் கான்ஸ்டன்டைன் நீக்கியது கி.பி. 320-இல். இடைப்பட்ட மூன்று நூற்றாண்டுகளில் ஒரு பெண் "எனக்குக் கல்யாணம் வேண்டாம்" என்று சொன்னால் அது பக்தியோடு நிற்கவில்லை. குடும்பச் சொத்தையும் அரசின் கணக்கையும் தொட்டது.

இந்தக் கதைக்கு எதிர்ப்பும் உடனே வந்தது. கார்த்தேஜைச் சேர்ந்த தெர்த்துல்லியன், கி.பி. 200 வாக்கில் ஞானஸ்நானம் பற்றி எழுதிய நூலில் புகைகிறார்: பெண்கள் போதிக்கவும் ஞானஸ்நானம் கொடுக்கவும் தெக்லாவை ஆதாரம் காட்டுகிறார்கள்; ஆனால் அந்தக் கதையை இட்டுக்கட்டியவர் ஆசியாவைச் சேர்ந்த ஒரு மூப்பர்; பவுல் மீதுள்ள அன்பால் செய்தேன் என்று ஒப்புக்கொண்டார்; பதவியும் போனது. சரித்திர நாவல் எழுதி வேலையை இழந்தவர்களின் பட்டியலில் இவருக்கு முதல் வரிசையில் இடம் உண்டு.

பதவி போனது, கதை போகவில்லை. கி.பி. 384 வாக்கில் எகேரியா என்ற யாத்ரீகப் பெண் செலூக்கியாவுக்கு அருகில் இருந்த தெக்லாவின் ஆலயத்துக்குப் போனாள். அங்கே கன்னியர் கூட்டமாக வாழ்ந்தார்கள். தெக்லாவின் கதையை முழுவதும் அங்கேயே வாசித்ததாகப் பயணக் குறிப்பில் எழுதுகிறாள். எபேசுவில் ஒரு குகைச் சுவரில் பவுலும் தெக்லாவும் தாய் தியோக்லியாவும் ஓவியமாக இருக்கிறார்கள். பவுலைப் போலவே கை உயர்த்தி நிற்கும் அந்தத் தாயின் கண்களையும் கையையும் யாரோ சுரண்டியிருக்கிறார்கள். எதற்காகச் சுரண்டினார்களோ தெரியாது; தெர்த்துல்லியன் பார்த்திருந்தால் வியந்திருக்க மாட்டார்.

பல்லக்கில் வந்த மிக்தோனியா

தெக்லாவுக்குப் பிறகு இந்த வகைக் கதைகள் வரிசையாக வந்தன. அதில் ஒன்று நேராக நம் பக்கம் திரும்புகிறது. மூன்றாம் நூற்றாண்டில், எதெஸ்ஸா வட்டாரத்தில் சீரிய மொழியில் எழுந்த 'தோமாவின் பணிகள்' என்ற நூலின் களம் இந்தியா.

இயேசுவின் சீடர் தோமா வந்து இறங்கியதும் ஒரு கல்யாண விருந்து. அங்கே குழல் வாசிக்கும் எபிரேயப் பெண் ஒருத்திக்குத்தான் அவர் பாடுவது புரிகிறது. அவர் சொன்ன தீர்க்கதரிசனம் பலித்ததும் குழலை உடைத்துப் போட்டுவிட்டு அவர் காலடியில் உட்காருகிறாள். பிறகு மஸ்தாய் என்ற அரசனின் நாட்டில், அரசனின் உறவினன் கரீஷின் மனைவி மிக்தோனியா அடிமைகள் சுமக்கும் பல்லக்கில் வந்து, கூட்டத்தை விலக்கித் தோமாவின் பேச்சைக் கேட்கிறாள். தோமா பல்லக்கில் இருப்பவளை விட்டுவிட்டுப் பல்லக்கைச் சுமப்பவர்களைப் பார்த்துப் பேசத் தொடங்குகிறார். வீடு திரும்பிய மிக்தோனியா கணவனின் படுக்கையை மறுக்கிறாள். அவளுக்குப் புத்தி சொல்ல அனுப்பப்பட்ட அரசி தெர்த்தியாவும் போன இடத்தில் மனம் மாறுகிறாள். கடைசியில் ஊருக்கு வெளியே மலையில் நான்கு வீரர்கள் தோமாவை ஈட்டியால் குத்துகிறார்கள். அந்த மலையைப் பரங்கிமலையோடும் அவர் கல்லறையை மயிலாப்பூரோடும் இணைத்துச் சொல்கிறது நம் மரபு.

நூலை எழுதியவருக்கு இந்தியா எவ்வளவு தெரியும்? மஸ்தாய் பாரசீகச் சாயல் கொண்ட பெயர். மிக்தோனியா என்பது மெசப்பொத்தாமியாவில் நிசிபிஸ் நகரைச் சுற்றிய பகுதியின் பெயர். ஆனால் இந்நூலில் வரும் இன்னொரு அரசன் கொண்டபாரஸ், கட்டுக்கதை என்று ஒதுக்கப்பட்டவன், பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆப்கானிஸ்தானிலும் பஞ்சாபிலும் கிடைத்த நாணயங்களில் உயிர்பெற்றான். ஆண் அரசனுக்குச் சாட்சி சொல்ல நாணயம் உண்டு. பல்லக்கை நிறுத்திக் கேட்ட பெண்ணுக்கு அப்படி ஒன்றும் கிடைக்காது. அவள் புனைவு என்றால் புனைவில் மட்டுமே இருப்பாள். நிஜமென்றாலும் புனைவில் மட்டுமே இருப்பாள்.

கர்தினால் எழுதிய நாவல்

நவீன சரித்திர நாவல் இந்தக் களத்துக்கு வந்தது சண்டையோடுதான். 1853-இல் ஆங்கிலிக்கப் பாதிரியார் சார்லஸ் கிங்ஸ்லி 'ஹைப்பேஷியா'வை வெளியிட்டார். கி.பி. 415-இல் அலெக்சாந்திரியாவில் கிறிஸ்தவக் கும்பல் கொன்ற கணித மேதையின் கதை. துறவிகளையும் ஆயர் சிரிலையும் அதில் அவர் வறுத்தெடுத்தார். அது தம் காலத்துக் கத்தோலிக்கர்கள் முதுகில் விழுந்த அடி என்று எல்லோருக்கும் தெரிந்தது. மறு ஆண்டே கர்தினால் வைஸ்மன் 'பபியோலா' எழுதிப் பதில் சொன்னார். அதற்கடுத்த ஆண்டு இன்னொரு கத்தோலிக்கக் குரு நியூமன் 'கலிஸ்தா'வைக் கொண்டுவந்தார். வட ஆப்பிரிக்காவில் தெய்வச் சிலைகள் செய்து பிழைக்கும் கிரேக்கப் பெண் அதன் நாயகி. மூன்று ஆண்டு, மூன்று குருமார், மூன்று நாவல். மூன்றுக்கும் தலைப்பு ஒரு பெண்ணின் பெயர். சண்டை மட்டும் ஆண்களுடையது.

மூன்றில் மக்களிடம் அதிகம் போய்ச் சேர்ந்தது 'பபியோலா'. அதன் தொடக்கத்தில் பணக்காரச் சீமாட்டி பபியோலா, எதிர்த்துப் பேசிய அடிமை சீராவின் கையைக் கூரிய கருவியால் குத்துகிறாள். பின்னர் அதே அடிமையிடமிருந்துதான் விசுவாசத்தைக் கற்கிறாள். காட்சி நன்றாக எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் குத்துப்பட்ட கை எஜமானியின் ஆன்மா திருந்துவதற்கான கருவியாகவே பயன்படுகிறது. அடிமையின் வலி அடிமைக்குச் சொந்தமாக இல்லை.

போலந்தின் ஹென்றிக் ஷென்கியேவிச் 1896-இல் நூலாக்கிய 'க்வோ வாதிஸ்' இன்னொரு கணக்கு. நீரோவின் அரங்கில் காட்டெருதின் முதுகில் கட்டிவிடப்பட்ட லீகியாவை அவளுடைய காவலன் உர்சுஸ் எருதின் கழுத்தை முறித்துக் காப்பாற்றுகிறான். லீகியர்கள் போலந்து நிலத்தில் வாழ்ந்த இனம் என்று கருதப்பட்டவர்கள். அப்போது வரைபடத்தில் போலந்து என்ற நாடே கிடையாது. எருதின் முதுகில் இருப்பது யார் என்று போலந்து வாசகருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. நாடு பிழைத்தது. ஆனால் லீகியா நாவல் முழுவதும் மயங்குகிறாள், தூக்கிச் செல்லப்படுகிறாள், காப்பாற்றப்படுகிறாள். தானே தொட்டியில் குதித்த தெக்லாவை விடப் பதினேழு நூற்றாண்டு பின்னே போய்விட்டாள்.

மூன்று ஓடுகளில் ஒரு வாழ்க்கை

நாவல் என்று பெயர் வைக்காமலே நடந்த புனைவும் உண்டு. 1802-இல் ரோமில் பிரிசில்லா நிலவறைக் கல்லறையில் ஓர் இளம்பெண்ணின் எலும்புகள் கிடைத்தன. மூடியிருந்த மூன்று சுட்ட மண் ஓடுகளில் எழுத்துகள் இருந்தன. ஓடுகளை இடம் மாற்றி வாசித்ததில் "பிலோமினா, உனக்குச் சமாதானம்" என்று வந்தது. அவ்வளவுதான் ஆதாரம். 1833-இல் இத்தாலியக் கன்னியாஸ்திரி ஒருவருக்குக் கிடைத்த காட்சியில் முழு வாழ்க்கை வரலாறும் வந்துவிட்டது: கிரேக்கச் சிற்றரசன் மகள், மணக்கத் துடித்த பேரரசன் டயோக்ளீசியன், மறுப்பு, வதைகள். பக்தி கண்டம் தாண்டியது. மைசூருவின் பெரிய கோயில் அவள் பெயரில் நிற்கிறது. தமிழ்க் கத்தோலிக்க வீடுகளில் பிலோமினாக்கள் தலைமுறை தலைமுறையாகப் பிறந்தார்கள். 1961-இல் ரோம் அவள் திருநாளை நாட்காட்டியிலிருந்து எடுத்துவிட்டது. பிலோமினா அம்மாக்கள் யாரும் அதற்காகப் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை.

தமிழிலும் இந்த மரபுக்கு வயதுண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் 'கித்தேரி அம்மாள் அம்மானை' பாடினார். ரோமானிய ஆட்சிக் காலத்தில் ஐபீரிய நாட்டில் ஒரே பிரசவத்தில் பிறந்த ஒன்பது பெண் குழந்தைகளில் ஒருத்தி கித்தேரி என்பது ஐதீகம். ஒன்பதையும் ஆற்றில் போடச் சொல்கிறாள் தாய். போட மனமில்லாமல் காப்பாற்றுகிறாள் வேலைக்காரி. நம் பெண்கள் அம்மானைக் காய் ஆடிக்கொண்டு பாடும் வடிவத்தில் இந்தக் கதையைக் கொண்டுவந்தது முனிவரின் சாமர்த்தியம்.

பெயர் சொல்லாமல் விட்ட காதலி

இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் காற்று திரும்பியது. வீராங்கனைகளையும் கன்னியரையும் எழுதித் தீர்த்த நாவலாசிரியர்கள், ஏடு யாரை ஒதுக்கியது என்று தேடத் தொடங்கினார்கள்.

அகுஸ்தீன் தம் தன்வரலாற்றில் பத்தாண்டுகளுக்கு மேல் தம்மோடு வாழ்ந்து, அதேயோதாத்துஸ் என்ற மகனைப் பெற்றுத் தந்த பெண்ணைப் பற்றி எழுதுகிறார். வசதியான இடத்தில் சம்பந்தம் பேசியபோது அவளை ஆப்பிரிக்காவுக்குத் திருப்பி அனுப்பினார்கள். தன் இதயம் கிழிந்தது என்கிறார். பெயரை மட்டும் சொல்லவில்லை. நார்வேயின் யோஸ்டைன் கார்டர் 1996-இல் 'வீத்தா பிரெவிஸ்' நாவலில் அவளுக்குப் பெயர் கொடுத்து, ஆயரான பழைய காதலனுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுத வைத்தார். தர்க்கத்தில் அவள் அகுஸ்தீனுக்குச் சளைத்தவள் அல்ல.

அயர்லாந்தின் கோல்ம் டோபின் 2012-இல் எழுதிய குறுநாவலில் மரியாளே பேசுகிறார். எபேசுவில் முதுமை. மகனின் சீடர்கள் இருவர் வந்து வந்து கேள்வி கேட்கிறார்கள். தாங்கள் எழுதப்போகும் கதைக்குப் பொருந்தும்படி அவர் நினைவுகள் இருக்க வேண்டும் என்று நெருக்குகிறார்கள். அந்தத் தாய் மறுக்கிறார். பக்தர்கள் பலரைப் புண்படுத்திய புத்தகம். மறுவருடம் புக்கர் பரிசின் இறுதிப் பட்டியலிலும் இடம்பெற்றது. சூ மங்க் கிட் 2020-இல் வெளியிட்ட நாவலில் இயேசுவுக்கு அனா என்ற மனைவியையே படைத்தார். அவள் எழுத்தாசை பிடித்த பெண். பெர்பெத்துவாவுக்குக் கணவனைச் செருகிய பழைய கைக்கு எதிர்த்திசையில் இந்தக் கை இயங்குகிறது.

விவிலிய அறிஞர் பாவ்லா கூடர் போன வழி வேறு. பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் கடைசி அதிகாரத்தில் பத்துப் பெண்கள் வருகிறார்கள். முதலில் வருபவர் கெங்கிரேயாவின் பெபேயாள். கடிதத்தைச் சுமந்து சென்றவர் அவர்தான் என்று பெரும்பாலான அறிஞர்கள் கருதுகிறார்கள். 2018-இல் கூடர் அவரை நாயகியாக்கினார். எது ஆதாரம், எது ஊகம் என்று பின்னிணைப்பில் விரிவாகப் பிரித்தும் காட்டினார். நாவலாக அதன் நடை சற்றுக் கனம்தான். வாசகரிடம் கணக்கு ஒப்படைக்கும் அந்த நேர்மை இந்தத் துறையில் அபூர்வம்.

இந்த நவீன நாவல்கள் பலவற்றில் ஒரு பொதுக் குறை உண்டு. நாயகிகள் எல்லோரும் நம் காலத்தின் பெண்கள். சுதந்திரமாக யோசிக்கிறார்கள், எழுதத் துடிக்கிறார்கள், அடிமை முறையைக் கண்டு முகம் சுளிக்கிறார்கள். வைஸ்மனின் நாயகிகள் விக்டோரியா காலத்து ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் படித்தவர்கள் என்றால், இவர்கள் நம் கல்லூரிகளில் படித்தவர்கள். காலியிடத்தை அவரவர் முகத்தால் நிரப்பும் வழக்கம் மட்டும் மாறவில்லை.

ஏடு தரும் சரக்கு

வேறு வழி இருக்கிறதா? இருக்கிறது. அந்த உலகம் விட்டுச் சென்ற சில்லறைத் தாள்களைப் படித்தாலே போதும். எகிப்தின் ஆக்சிரிங்கஸ் குப்பை மேட்டில் கிடைத்த பாப்பிரஸ் கடிதம் ஒன்று கி.மு. 1-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. வேலைக்காக அலெக்சாந்திரியா போன ஹிலாரியோன், கர்ப்பிணி மனைவி ஆலிஸுக்கு எழுதுகிறான்: ஆண் பிறந்தால் வைத்துக்கொள், பெண் பிறந்தால் வெளியே போட்டுவிடு. அதே கடிதத்தில் உன்னை எப்படி மறப்பேன், கவலைப்படாதே என்றும் அன்பாகச் சொல்கிறான். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்ன ஓர் உலகத்தை நம் மனசாட்சிக்குத் தகுந்தபடி வெட்டாமல் எழுதுவதுதான் சரித்திர நாவலாசிரியருக்குச் சவால்.

கி.பி. 112 வாக்கில் பித்தினியாவின் ஆளுநர் பிளினி, பேரரசர் திராயானுக்கு அறிக்கை அனுப்புகிறார். கிறிஸ்தவர்களைப் பற்றிய உண்மையறிய, அவர்கள் சபையில் பணிப்பெண்கள் என்று அழைத்த இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்ததாகவும், வரம்பு மீறிய மூடநம்பிக்கையைத் தவிர எதுவும் கிடைக்கவில்லை என்றும் எழுதுகிறார். ஒரு சபையில் பொறுப்பு வகித்த அடிமைகள்! எஜமான் வீட்டில் பாத்திரம் தேய்த்துவிட்டு, விடியுமுன் கூடும் சபைக்கு எப்படி வந்தார்கள், சுதந்திரமான குடும்பத்துப் பெண்கள் அவர்கள் சொல்லைக் கேட்டார்களா? பிளினி அவர்கள் பெயரைக்கூட எழுதவில்லை. இந்த ஒரு வரிக்குள் ஒரு பெரிய நாவல் இருக்கிறது.

பெர்பெத்துவாவின் குறிப்பேட்டுக்கே திரும்பினாலும் நாவலாசிரியர்கள் தயங்கும் இடம் ஒன்று உண்டு. மரண தண்டனை உறுதியானதும் குழந்தையைக் கேட்டு ஆள் அனுப்புகிறாள். அப்பா தர மறுக்கிறார். அவள் அழுது புலம்புவாள் என்று எதிர்பார்ப்போம். குழந்தை அதற்குப் பிறகு பால் கேட்கவில்லை, தன் மார்பும் கட்டவில்லை, கவலை நீங்கியது, கடவுளின் செயல் என்று எழுதுகிறாள். இதைத் தாய்மையின் தியாகம் என்று பூசி மெழுகவும் முடியாது, கல்நெஞ்சம் என்று தள்ளவும் முடியாது. அந்த விடுதலை உணர்வை அவள் மறைக்கவில்லை. நல்ல நாவல் அந்த இடத்தில் நின்றுகொண்டு அவளுக்காக வக்காலத்து வாங்காமல் எழுதும்.

பெலிசித்தாவின் மகள்

பெர்பெத்துவாவோடு இறந்தவள் பெலிசித்தா, அடிமை. சிறையில் அவள் எட்டு மாதக் கர்ப்பிணி. கர்ப்பிணிகளுக்குத் தண்டனை நிறைவேற்றக் கூடாது என்பது சட்டம். தோழர்களோடு சேர்ந்து சாக முடியாமல் போகுமோ என்பது அவள் பயம். முன்கூட்டியே வலி கண்டது. பெண் குழந்தை. இந்த வலிக்கே கத்துகிறாயே, விலங்குகளின் முன் என்ன செய்வாய் என்று காவலன் கேலி செய்தபோது, இப்போது படுவதை நான் படுகிறேன், அப்போது எனக்காக வேறொருவர் எனக்குள் இருந்து படுவார் என்றாள். அரங்குக்குள் வந்தபோது அவள் மார்பில் பால் சொட்டிக்கொண்டிருந்தது. கூச்சலிட்டுக்கொண்டிருந்த கூட்டமே அதைப் பார்த்து அதிர்ந்தது என்கிறது ஏடு.

பெலிசித்தா குறிப்பேடு எழுதவில்லை. எழுதத் தெரிந்திருக்கவும் வாய்ப்பு குறைவு. குழந்தையின் தகப்பன் யார் என்று எங்கும் இல்லை. அடிமை பெற்ற குழந்தை எஜமானின் சொத்தாகும் உலகம் அது. அந்தப் பெண் குழந்தையைச் சபையைச் சேர்ந்த ஒரு சகோதரி எடுத்துத் தன் மகளாக வளர்த்தாள் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்கிறது ஏடு.

அரங்கையும் சிங்கத்தையும் பேரரசர்களையும் எழுதியாயிற்று, திரைப்படமும் எடுத்தாயிற்று. எடுத்து வளர்த்தவள் யார்? சட்டத்தின் கண்ணில் இன்னொருவரின் உடைமையான குழந்தையை என்ன சொல்லித் தன் வீட்டில் வைத்துக்கொண்டாள்? ஆண்டுதோறும் மார்ச் 7 அன்று கார்த்தேஜ் சபை இரண்டு பெயர்களையும் சொல்லிக் கொண்டாடியபோது, அதில் ஒன்று உன் தாயின் பெயர் என்று அந்தச் சிறுமிக்கு எந்த வயதில் சொன்னாள்? இந்தக் களத்தில் அடுத்து எழுத உட்காருபவர், அரங்க வாசலில் நிற்பதை விட்டுவிட்டு அந்த வீட்டுக்குள் போகட்டும். அங்கே ஏடு குறுக்கிடாது. கதை சொல்லக் கேட்டு வளர்ந்த ஒரு பெண் நிச்சயம் அங்கே இருந்தாள்.